நள்ளிரவுப் பித்தளை

சென்னையில் இரவு ஒன்பது, பத்து மணிக்குக் கிளம்பும் தெற்கத்திப் பேருந்துகள் நள்ளிரவை ஒட்டித் திண்டிவனத்தைத் தாண்டும். பாண்டிச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும் சாலை பிரிவது இங்கேதான். பெருநகரக்காரர்கள் மங்கிய வெளிச்சமுள்ள லவுஞ்சுகளில் தேடும் இரவு வாழ்க்கை இந்தப் பக்கம் பளிச்சென்ற டியூப்லைட்டின் கீழே, வெட்டவெளியில் நடக்கிறது. நடத்துவது காபிக்கடை.

பலகையில் ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்றிருக்கும். கும்பகோணமோ இன்னும் சில மணி நேரத் தொலைவில். போகட்டும். பித்தளை டபரா செட் வந்துவிட்டால் ஊர்ப்பெயரைப் பற்றி யார் வழக்காடுவார்கள்?

பித்தளை சூட்டை உடனே வாங்கிக்கொள்ளும். அதனால் டம்ளரை அதன் விளிம்பில், இரண்டு விரல் நுனியால் பிடிக்க வேண்டும். டபராவுக்குச் சரித்து, மறுபடி டம்ளருக்கு. இரண்டு முறை ஆற்றினால் நுரை எழும்பும், சிக்கரி கலந்த டிகாக்‌ஷனின் வாசனை மூக்குக்கு வந்துவிடும். மூன்றாவது முறை ஆற்றுவது வீண், காபி ஆறிப்போகும். வாய் வைக்காமல் அண்ணாந்து குடிப்பவர்களை மதிக்கிறேன். ஆனால் நுரை உதட்டில் படாத காபி பாதிக் காபிதான்.

ஐந்து தடங்கள் கூடும் விழுப்புரம் ஜங்ஷனிலும் இரவெல்லாம் காபி உண்டு. அங்கே காகிதக் கப். ரயில் அவசரத்துக்கு அது சரி.

இங்கே டிரைவர் அண்ணனுக்குக் கேட்காமலே ஸ்ட்ராங்காக ஒன்று வந்துவிடும். நமக்கு அந்தச் சலுகை கிடையாது. டோக்கன் வாங்கும்போதே “சர்க்கரை கம்மி” என்று சொல்லிவிடுவது நல்லது.