கொடை மேடைக்கு எந்த டிரம் மெஷின்?

திருவேங்கடம், சங்கரன்கோவில் பக்கம் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் ஒருபுறம், இன்னிசைக் கச்சேரி இன்னொருபுறம். சின்ன ஊர்களுக்குப் போகும் குழுக்களில் கீபோர்டு வாசிப்பவர் தலையிலேயே தாளமும் விழுந்துவிடுகிறது. அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் பாட்டுப் பாட்டாகத் தாளத்தை மிடியில் எழுதி வைத்திருப்பார். கம்ப்யூட்டர் இல்லாமல் அதை மேடையேற்ற ஒரு டிரம் மெஷின் வாங்கலாம் என்று கடைக்குப் போனால், முதலில் எழும் கேள்வி ‘எத்தனை சவுண்டு இருக்கு?’ என்பதுதான். அந்தக் கேள்வியை நம்பி வாங்கினால் பணம் வீணாகும் என்பது என் கருத்து. எழுதி வைத்த தாளத்தை, அதன் இடைவெளி கெடாமல், அழுத்தம் குறையாமல் பெட்டி வாங்கிக்கொள்கிறதா என்பதே பார்க்க வேண்டியது. இதைச் சோதிக்க இரண்டு பெட்டிகளை எதிரெதிரே வைக்கிறேன். ஒன்று 1990இல் வந்து பல ஆண்டுகள் விற்பனையில் நின்ற அலெசிஸ் எஸ்ஆர்-16. மற்றது 2020இல் வந்த அகாய் எம்பிசி ஒன்.

மிடியில் ஒலி கிடையாது. எந்த எண், எவ்வளவு அழுத்தம், எப்போது என்ற குறிப்பு மட்டுமே அதில் போகிறது. 1983இல் வந்த இந்த ஏற்பாட்டைக் கொண்டுதான் நம் சினிமா ஸ்டூடியோக்களும் கம்ப்யூட்டர் தாளத்துக்குப் பழகின. இளையராஜா 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் கம்ப்யூட்டர் இசையைக் கையாண்டது பலருக்கு நினைவிருக்கும். ஸ்டூடியோவில் எல்லாக் கருவியும் கடைசிவரை கேபிளில் இணைந்தே இருக்கும். மேடைக்குத் தாளம் பெட்டிக்குள்ளேயே தங்க வேண்டும். எஸ்ஆர்-16இல் மிடி ஃபைலைத் திறக்க வழியில்லை, யுஎஸ்பியும் கிடையாது. ஐந்து முனைக் கேபிளில் கம்ப்யூட்டர் வாசிக்க வாசிக்க, பெட்டி கேட்டுப் பதிவுசெய்துகொள்ள வேண்டும். அதற்கு முன் பெட்டியின் கிளாக்கை மிடிக்கு மாற்றி, பேட்டர்னின் நீளத்தைக் கம்ப்யூட்டரில் உள்ளதோடு ஒன்றாக்க வேண்டும். பதிவு சுற்றிச்சுற்றி வரும். வந்த அடி எல்லாம் ஏற்கெனவே உள்ளதன் மேல் சேரும். எனவே கம்ப்யூட்டரில் லூப் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டாம் சுற்றிலும் அதே அடிகள் வந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தாளம் தடித்துப்போகும். பாட்டை ஒரே சுற்று ஓடவிட்டு நிறுத்துவது இதற்கு மருந்து.

இதைவிடப் பெரிய வில்லங்கம் குவான்டைஸ். விரல் பிசகினால் அடியை அருகிலுள்ள கட்டத்துக்கு நகர்த்திக் கொடுக்கும் வசதி அது. கையால் தட்டுபவருக்கு உதவி. கம்ப்யூட்டரில் கவனமாக எழுதியவருக்குக் கேடு. நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில் ஒரு பீட் 500 மில்லிசெகண்ட். அதற்குள் கண்ட நடையில் ஐந்து அடி வைத்தால் அவை 0, 100, 200, 300, 400 என்ற இடங்களில் நிற்கும். பதினாறாம் பாகத்துக்குக் குவான்டைஸ் போட்ட பெட்டியில் இருக்கும் கட்டங்கள் 0, 125, 250, 375. நூறில் இருந்த அடி 125க்குப் போகும். இருநூறும் முந்நூறும் சேர்ந்து 250இல் விழும். நானூறு பின்வாங்கி 375இல் உட்காரும். தகதகிட என்று அனுப்பியது தகதிமி என்று திரும்பி வருகிறது. கண்டம் சதுஸ்ரம் ஆகிவிட்டது. பெட்டியில் எத்தனை நூறு ஒலி இருந்தாலும் இந்தச் சேதத்தை அவை சரிசெய்யாது. பீட்டுக்கு நாலு கட்டம் மட்டுமே காட்டும் பதினாறு படி மெஷின்கள் எல்லாவற்றிலும் இந்த ஆபத்து உண்டு. மிஸ்ர சாப்பை அவற்றில் பதினாலு படியோடு நிறுத்திச் சமாளித்துவிடலாம். பீட்டுக்குள்ளே ஐந்தையோ ஏழையோ வைப்பதுதான் முடியாது.

பழைய பெட்டியின் துல்லியமே குறைவு, அதனால்தான் இப்படி என்று சிலர் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அது நிற்காது. எஸ்ஆர்-16 ஒரு பீட்டை 96 டிக்காகப் பிரிக்கிறது. குவான்டைஸை அணைத்துவிட்டால், நூறாவது மில்லிசெகண்டில் வர வேண்டிய அடி 99க்குச் சற்றுக் கீழே விழும். ஒரு மில்லிசெகண்ட் பிசகு எந்தத் தவில்காரர் காதிலும் உறுத்தாது. ஒரு மிடி அடி கேபிளில் கடந்து போகவே ஏறக்குறைய அதே நேரம் பிடிக்கும். எம்பிசி ஒன் பீட்டுக்கு 960 டிக் வைத்திருப்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அதுகூட ஏழால் மீதியின்றி வகுபடாது. ஆக, விளம்பரத்தில் வரும் இந்த எண்ணையும் ஒலிகளின் எண்ணிக்கையோடு சேர்த்து ஒதுக்கி வைத்துவிடலாம்.

எம்பிசி ஒன் ஜெயிக்கும் இடம் வேறு. மிடி ஃபைலை எஸ்டி கார்டில் போட்டுச் செருகினால் அது நேராகத் திறந்து படித்துவிடுகிறது. கேட்டுப் பதிவுசெய்யும் வேலையே இல்லாததால் தாமதமும் இரட்டை அடியும் வர இடமில்லை. எழுதிய அழுத்தம் எழுதியபடியே வந்து சேர்கிறது. ஒரு சிக்கல் உண்டு. பொதுவழக்கான மிடி வரிசையில் கிக் டிரம் 36, ஸ்நேர் 38. எம்பிசியின் பழைய பேட் வரிசையிலோ முதல் பேட் 37, இரண்டாவது 36. இதைக் கவனிக்காமல் ஒலிகளை அடுக்கினால் கிக் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதாவது அடிக்கும். ஒருமுறை வரைபடத்தைச் சரிசெய்து சேமித்துவிட்டால் எல்லாப் பாட்டுக்கும் ஆகும்.

இதைவிட முக்கியம், சொந்த ஒலியை ஏற்றும் வசதி. அந்தப் பொதுவழக்கு வரிசையில் தவிலுக்கோ பம்பைக்கோ உடுக்கைக்கோ எண்ணே இல்லை. எஸ்ஆர்-16இல் உள்ள 233 ஒலிகளுக்கு மேல் ஒன்றையும் சேர்க்க முடியாது. நையாண்டி மேளத்துக்கு எழுதிய தாளம் அங்கே போனால் காங்காவிலும் கௌபெல்லிலும்தான் கேட்கும். எம்பிசியில் தவிலின் வலந்தலையில் கூடு போட்ட விரலின் அடியை ஒரு பேடிலும், தொப்பியில் குச்சி விழும் அடியை இன்னொரு பேடிலும் வைக்கலாம். உறுமிக்கு இன்னும் நிதானம் வேண்டும். வளைந்த குச்சி தோலில் இழுபடும்போது எழும் அந்த முனகலுக்கு நீளமே உயிர். குட்டை இழுப்பு, நெட்டை இழுப்பு, இழுத்து நிறுத்துவது என்று தனித்தனியாகப் பதிந்து வேறு வேறு எண்ணில் வைத்தால்தான் உறுமி உறுமியாக இருக்கும்.

இவ்வளவு பாடு எதற்கு, தாளத்தை ஆடியோ லூப்பாக்கி ஒரு சாம்பிளிங் பேடில் போட்டு ஓடவிடலாமே என்று கேட்கலாம். வேகம் மாறாத சினிமாப் பாட்டுக்கு அது போதும். கொடையில் சாமியாடும் நேரத்தில் வேகம் ஏறிக்கொண்டே போகும். லூப்பை ஓரளவுக்கு மேல் நீட்டினாலோ சுருக்கினாலோ தவிலின் தெறிப்பு மழுங்கிவிடும். மிடியில் அடிகளுக்கிடையே உள்ள தூரம் மட்டுமே மாறுகிறது. ஒவ்வொரு அடியும் முழுசாக இருக்கிறது. லேப்டாப்பையே கொண்டுபோகலாமே என்பவர்களுக்கு, கரிசல் புழுதியையும் ஜெனரேட்டர் கரண்டையும் நினைவூட்டினால் போதும்.

இப்படிப் பெட்டியை மேடையேற்றினால் தவில் கலைஞரின் பிழைப்பில் மண் விழாதா என்பது நியாயமான கேள்வி. சாமியாட்டத்துக்கு வாசிப்பவர் ஆடுபவரின் காலைப் பார்த்து வாசிக்கிறார். எந்தப் பெட்டியும் அதைச் செய்யாது. தவில்காரர் கிடைக்கிற ஊரில் அவரை விட்டுவிட்டு மெஷினை வைப்பதை நான் ஏற்கவில்லை. ஆள் வைக்க வசதியில்லாத சின்ன மேடைக்கும் ஒத்திகைக்கும் மட்டுமே இந்தப் பெட்டி.

சினிமாப் பாட்டு மட்டும் வாசிக்கும் குழுவுக்கு எஸ்ஆர்-16 இன்றும் நல்ல கருவி. காலால் மிதித்துத் தாளத்தைத் தொடங்கவும் ஃபில் போடவும் அதில் இடம் உண்டு. இரண்டு கையும் கீபோர்டில் இருப்பவருக்கு அது பெரிய உதவி. நாட்டுப்புறத் தாளம் வேண்டும் என்பவர்கள் எம்பிசி பக்கம் போகட்டும். எது வாங்கினாலும் கண்ட நடை உள்ள உங்கள் மிடி ஃபைல் ஒன்றைக் கடைக்கே கொண்டுபோய் ஏற்றிக் கேளுங்கள். ஐந்து அடியும் தனித்தனியாகக் கேட்ட பிறகு பணத்தைக் கொடுங்கள். எம்பிசி ஒன்னில் பாட்டரி கிடையாது. ஜெனரேட்டர் மாற்றும் நேரத்தில் தாளம் நிற்கக் கூடாது என்றால் உள்ளேயே பாட்டரி உள்ள எம்பிசி லைவை வாங்குங்கள், அல்லது ஒரு சிறிய யுபிஎஸ்ஸையும் சேர்த்து எடுத்துப்போங்கள்.