தோட்டாவின் பொட்டு

ரைஃபிள் தோட்டாவின் பின்புறம் நடுவில் ஒரு சின்ன வட்டம் தெரியும். அதுதான் பிரைமர், தீபாவளித் துப்பாக்கிப் பொட்டு வெடிக்குப் பெரியண்ணன். துப்பாக்கியின் ஊசி தட்டியதும் நசுங்கித் தீ கக்கும், உள்ளிருக்கும் மருந்து பற்றிக்கொள்ளும்.

இதற்கு வழி திறந்தவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித். சக்கிமுக்கித் துப்பாக்கியின் பளிச்சிடலைப் பார்த்ததுமே பறவைகள் தப்பிவிட, தட்டினால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு சுடும் முறைக்கு 1807-இல் காப்புரிமை வாங்கினார். ஊழியத்துக்கு நடுவே நல்ல வேலைதான்!

அமெரிக்காவில் பிரைமரையும் தாங்களே பொருத்தி, தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்பவர்கள் ஏராளம். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் துப்பாக்கியை உடனே திறக்க மாட்டார்கள், தாமதமாகவும் வெடிக்கலாம். குழலை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிடமாவது பொறுப்பார்கள். பிறகு பார்ப்பது பிரைமரில் விழுந்த பள்ளத்தை. ஆழம் போதாதென்றால் ஊசியைத் தள்ளும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், குளிரில் கிரீஸ் இறுகியிருக்கலாம். இரண்டாம் தட்டில் வெடித்ததா? பெரும்பாலும் பிரைமர் குழிக்குள் முழுதாக உட்கார்ந்திருக்காது. முதல் அடியின் வேகமெல்லாம் அதை உள்ளே தள்ளுவதிலேயே தீர்ந்திருக்கும். எனக்குப் பிடித்த துப்பு இதுதான். பள்ளம் சரியாக இருந்தும் வெடிக்கவில்லை என்றால், சந்தேகம் எண்ணெய்மீதும் ஈரத்தின்மீதும் விழும்.