அரியணையும் குடும்பப் பற்றும்: ஒரு கற்பனைத் தொடரை முன்வைத்துச் சில சிந்தனைகள்

அரசுரிமைப் போட்டியைக் கருவாகக் கொண்ட கற்பனைத் தொலைக்காட்சித் தொடர்கள் இன்றைய மாணவரிடையே பெரும் செல்வாக்குப் பெற்றுள்ளன. அவற்றுள் 2011 முதல் 2019 வரை ஒளிபரப்பான 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்', 2022இல் தொடங்கிய அதன் முன்கதையான 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' ஆகியன குறிப்பிடத்தக்கவை. பின்னதை ஆணாதிக்கத்தைச் சாடும் படைப்பெனப் பாராட்டுவோர் பலர். அப்பாராட்டு பாதி உண்மையே என்பதை இக்கட்டுரையில் நிறுவ முற்படுகிறோம்.

தொடரின் தொடக்கத்திலேயே, மூத்த தோன்றலான ரெய்னிஸ் பெண் என்பதால் ஒதுக்கப்பட்டு, விசெரிஸ் என்னும் ஆண் பிரபுக்களின் பேரவையால் தேர்ந்தெடுக்கப்படுகிறான். அதே விசெரிஸ் பின்னர்த் தன் மகள் ரெய்னிராவை வாரிசாக அறிவிக்கிறான். பிரபுக்கள் அவள்முன் சூளுரைக்கின்றனர். எனினும் மன்னன் இறந்தவுடன் இளைய மனைவியின் மகன் ஏகானுக்கே முடி சூட்டப்படுகிறது. தந்தையின் சொல் அரசாணையாயினும் மகளைக் காக்கவில்லை.

இங்கு நோக்கத்தக்கவள் இளைய அரசி அலிசென்ட். தந்தை ஒட்டோவின் ஏவலால் மன்னனை நெருங்கி, தன் தோழியின் தந்தைக்கே மனைவியாகி, தான் பெற்ற மகனுக்காகத் தோழியைப் பகைக்கிறாள். மகள், மனைவி, தாய் என்னும் மூன்று நிலைகளிலும் அவள் கடமை தவறாதவள். அக்கடமையுணர்வே இன்னொரு பெண்ணின் உரிமையைப் பறிக்கும் கருவியாகிறது. ஆணாதிக்கம் வாளால் மட்டும் நிலைபெறுவதில்லை. குடும்பப் பற்று என்னும் நற்பண்பின் வழியாகவும் நிலைபெறுகிறது. இதனைக் காட்டியதே தொடரின் வலிமை எனலாம்.

ஆயின் அத்தொடரே இவ்வலிமையைக் குலைத்தும் விடுகிறது. இறக்கும் தறுவாயில் மன்னன் முன்னோன் ஒருவனின் கனவைக் குறித்து முணுமுணுக்கிறான். அலிசென்ட் அதனைத் தன் மகனுக்கு முடி சூட்டும் விருப்பமெனப் பிழைபடக் கொள்கிறாள். மூலநூலான ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'ஃபயர் அண்ட் பிளட்' (2018) நூலில் இப்பிழைகேட்பு இல்லை. அவையினர் அவளறியாமல் முன்னரே சதி தீட்டியிருந்தமையைத் தொடரும் காட்டுகிறது. இருந்தும் ஆடவர் திட்டமிட்ட குற்றம் பெண்ணொருத்தியின் செவிப்பிழையாகத் தோற்றங்கொள்கிறது. நம் மறுப்பு இவ்விடத்தில்தான்.

இவ்வமைப்பு நமக்குப் புதிதன்று. தன் மகள் சத்தியவதியின் மக்களே ஆளவேண்டும் என நிபந்தனையிட்ட பரதவர் தலைவன், ஒட்டோவுக்கு முன்னோடி. அந்நிபந்தனைக்காக பீஷ்மர் பூண்ட விரதத்தைத் தியாகமெனப் போற்றுகிறோம். அதற்கு அம்பை தந்த விலையை அத்துணை அழுத்தமாகப் பேசுவதில்லை. திருவிளையாடற் புராணத்தில் மலயத்துவச பாண்டியனின் மகள் தடாதகை முடிசூடி ஆள்கிறாள். திருமணத்தின்பின் ஆட்சி கணவர் சுந்தர பாண்டியரிடம் செல்கிறது. மகளுக்குத் தரப்பட்ட முடி, மருமகனை அடையும் வழியாகிவிடுகிறது.

ஆணாதிக்கத்தின் வேர் சொத்துரிமையிலேயே உள்ளதென்பது பலரின் கருத்து. இதனைச் சோதிக்க நெகிரி செம்பிலானின் கோலா பிலா மாவட்டம் தக்க களமாகிறது. இங்கு வழங்கும் அடாட் பெர்ப்பாத்தே மரபில் குலம் தாய்வழியில் அமைகிறது. 1909ஆம் ஆண்டின் மரபு நிலவுரிமைச் சட்டம் குலநிலத்தைப் பெண்கள் பெயரில் பதிவுசெய்ய வழிவகுத்தது. இம்மாவட்டத்துச் செரி மெனாந்தியே மாநில அரசபீடம். மன்னரை உண்டாங் எனப்படும் நான்கு தலைவர்கள் தேர்ந்தெடுக்கும் முறைமை இருந்துவந்துள்ளது. 1967இல் துவாங்கு முனாவிர் மறைந்தபின் அவர்தம் மகனன்றிச் சகோதரர் துவாங்கு ஜாஃபர் தேர்வுபெற்றார்; 2008இல் துவாங்கு ஜாஃபருக்குப்பின் துவாங்கு முனாவிரின் மகன் துவாங்கு முஹ்ரிஸ் தேர்வுபெற்றார். வாரிசுத் தேர்வு போரில்தான் முடியவேண்டும் என்பதில்லை என்பதை இது உணர்த்துகிறது. ஆயினும் மாநில அரசியலமைப்பின்படி மன்னராவதற்குரியவர் ராஜா ராடினின் ஆண்வழித் தோன்றலான ஆடவரே. நிலம் பெண்ணிடம் இருந்தும் முடிவெடுக்கும் பதவிகள் பெரும்பாலும் ஆடவரிடமே அமைந்தன.

அதே மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழருக்கோ அரியணையும் இல்லை, குலநிலமும் இல்லை. லயத்து வீடு நிர்வாகத்துக்குரியது. வேலை போனால் வீடும் போகும். ஆணுக்கு நிகராகப் பெண்ணும் விடியற்காலையில் பால்மரம் சீவச் சென்றாள். எனினும் பிள்ளைகளுள் யாரைப் படிக்க வைப்பது, யாரை வேலைக்கு அனுப்புவது என்னும் முடிவு பெரும்பாலும் தந்தையின் சொல்லாகவே இருந்தது. தம்பிக்காகப் படிப்பை விட்ட அக்காளைக் குடும்பத்துக்கு உழைத்தவள் என்று புகழ்ந்தோம். அவள் இழந்ததைக் கணக்கிட்டோமில்லை.

ஆக, அரியணை உள்ள இடத்திலும், பெண்ணுக்கு நிலம் உள்ள இடத்திலும், இரண்டும் இல்லாத இடத்திலும் ஒன்றே எஞ்சுகிறது: தேர்ந்தெடுக்கும் உரிமை யாரிடம் என்னும் வினா. ரெய்னிரா முடிசூடுவாளா என்று கேட்கும் தொடர், முடிசூட்டுவோர் யார் என்பதைப் போதிய அளவு கேட்கவில்லை. வகுப்பறையில் தடாதகையையும் சத்தியவதியையும் கற்பிக்கும் நாமும் அவ்வாறே கடந்துவிடுகிறோம். குடும்பப் பற்றைப் போற்றும் பாடங்களில், அப்பற்றினால் பயன்பெற்றவர் யார், விலைகொடுத்தவர் யார் என்று மாணவரைக் கேட்கச் செய்தல் தமிழாசிரியர்தம் கடன். பற்றை மறுக்கவேண்டுமென்பது இதன் பொருளன்று. அதன் சுமை ஒருவர் தோளிலேயே ஏற்றப்படலாகாது என்பதே நம் துணிபு.