புனங்காவலும் கூதிர்ப் பொழுதும்

குறிஞ்சிப் பாட்டுக்களில் வரும் புனங்காவலைப் பற்றி நம் ஆய்வாளர் எழுதியவற்றுள் ஒரு போக்கு நிலைபெற்றுவிட்டது. தலைவி தினைப்புனம் காக்கச் செல்கின்றாள், ஆண்டுத் தலைவன் வருகின்றான், பகற்குறி நிகழ்கின்றது. கதிர் கொய்தபின் அக்குறி இல்லையாகின்றது. ஆதலின் காவல் என்பது களவுக்கு வாய்த்ததொரு களம் என்றும், கிளி அக்களத்திற்குச் சொல்லத்தக்கதொரு காரணம் என்றும் கொண்டு மேற்செல்வர். இவ்விளக்கம் பிழையன்று, குறையுடையது. புனம் ஒரு குடியின் ஓராண்டு உணவு. அதனை அழிக்க வரும் விலங்கோடு ஒரே மலையில் வாழ்ந்தாக வேண்டிய நிலையைச் சங்கப் புலவர் நன்கு அறிந்திருந்தனர். அவ்வறிவை நீக்கிவிட்டுப் படிப்பின், உள்ளுறை என்று நாம் போற்றுவது வெறும் அணியாகக் குறுகிவிடும். இதனை நிறுவுதற்குச் சில பாட்டுக்களை ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன்.

முதற்கண் காலத்தை நோக்குவோம். குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும் உரியன என்றும், முன்பனியும் உரித்து என்றும் தொல்காப்பியர் வகுத்தார். கூதிராவது ஐப்பசியும் கார்த்திகையும். முன்பனியாவது மார்கழியும் தையும். குளிரும் இருளும் மிக்க பொழுதில் தலைவன் அரிதின் வருதலால் இன்பம் சிறக்கும் என உரையாசிரியர் காரணங் காட்டுவர். இக்காரணம் களவொழுக்கத்தினின்று பிறந்தது. நிலத்தினின்று பிறந்த காரணம் ஒன்றும் உண்டு என்பது என் துணிபு. தினை ஏறக்குறைய 80 முதல் 100 நாளில் விளைவது. மழை தொடங்கியபின் மலைச்சாரலில் விதைத்த தினை, கூதிர் வருங்கால் முற்றி நிற்கும். குறுந்தொகை 133ஆம் பாட்டில், கிளி கடித்துண்டமையால் தலை குறைந்த தினைத்தாள் பெருமழையால் மீண்டும் இலை தழைக்கின்றது. 82ஆம் பாட்டிலோ, கடுவன் மள்ளனார் குறவனது தினைத்தாளிடையே அவரைக்கொடி படர்ந்து பூக்கும் காலத்தை அற்சிரம் என்கின்றார். அற்சிரத்தில் தினை தாளாகிவிட்டதெனின், அதன் கதிர் காக்கப்பட்ட நாட்கள் அதற்கு முற்பட்ட கூதிர் நாட்களேயாதல் வேண்டும். எல்லாப் பாட்டும் இக்கணக்கிற்கு ஒத்து வரும் என்று நான் கூறவில்லை; மலைச்சரிவு தோறும் விதைக்கும் நாள் வேறுபடும். ஆயினும் குறிஞ்சிக்குக் கூதிரை வகுத்தவர் காதலரை மட்டும் நோக்கி வகுக்கவில்லை, காவலரையும் நோக்கினர் என்று கொள்ளுதற்கு இவ்விரு பாட்டும் இடந்தருகின்றன.

அடுத்து, காவல் ஒன்றன்று, இரண்டு. பகற்காவல் வேறு, இராக்காவல் வேறு. குறிஞ்சிப்பாட்டில் தாய் மகளைப் புனத்திற்கு விடுக்கும்போதே, பொழுது படுமுன் மீளுமாறு கூறி விடுக்கின்றாள். மகளிர் புலியும் அஞ்சும் இதணத்தின்மேல் ஏறித் தழல், தட்டை, குளிர் முதலிய கருவிகளை மாறிமாறி எடுத்துக் கிளி கடிகின்றனர். தட்டை என்பது மூங்கிலைப் பிளந்து ஒலியெழத் தட்டும் கருவி. இக்கருவிகள் கொல்வன அல்ல, ஓட்டுவன. அவையும் சில வேளை பயன்படுவதில்லை. குறுந்தொகை 291இல் கபிலர் காட்டும் கொடிச்சியின் குளிர் ஒலி இசைபோல் இனிதாயிருத்தலின், கிளிகள் அதனை அவள் அழைக்கும் குரலெனக் கருதிப் போகாதிருக்கின்றன. இதனைக் குரலினிமை பாடிய பாட்டென்று மாணவர் எழுதுவர். ஓட்டும் ஒலிக்கு உயிரினம் பழகிவிடுதல் என்னும் உண்மையும் அதனுள் உண்டு. புனங்காத்தவர் அனைவரும் அறிந்த தொல்லை அது.

இதணத்தை மரத்தின்மேல் அமைத்தவனைக் குறிஞ்சிப்பாட்டு ‘சேணோன்’ என்னும் சொல்லால் குறிக்கின்றது. இச்சொல் குறுந்தொகை 357ஆம் பாட்டிலும் வருகின்றது. ஆண்டும் பாடியவர் கபிலரே. அங்கே தினையுண்ட யானையைக் கொள்ளியால் ஓட்டுகின்றவன் சேணோன். உயரத்தில் இருப்பவன் என்னும் இச்சொல் இரண்டு பாட்டையும் சேர்த்துக் காணும்போது ஒரு செய்தியைத் தருகின்றது. பகலில் பரண் மகளுடையது. பொழுது பட்டபின் அது தந்தையினுடையது. மகளிர் வீடு திரும்பியபின் கூதிர் இரவில் அப்பரணில் யார் இருந்தார் என்ற வினாவை நாம் கேட்பதில்லை. கேளாமையால் குறிஞ்சியின் ஒரு பாதி நமக்குப் புலனாகாது போயிற்று.

இராக்காவலின் முதற்பகை பன்றி. அதனைப் பாடுமிடத்துப் புலவர் காட்டும் நுட்பம் வியத்தற்குரியது. நற்றிணை 98ஆம் பாட்டு உக்கிரப்பெருவழுதியார் பாடியது. முட்போலும் மயிரும் சிறுகண்ணும் உடைய பன்றி, புனத்தின் சிறு வழியே நுழையப் புகுகின்றது. அவ்வழியில் பொறி வைத்துள்ளனர். அந்நேரம் பக்கத்தே பல்லி ஒலிக்கின்றது. பன்றி விரைந்து ஓடவில்லை. மெல்ல மெல்லப் பின்வாங்கித் தன் கல்லளையிற் சென்று தங்குகின்றது. தலைவனோ, தந்தையின் மனைக்காவலர் அயரும் நேரம் பார்த்து வருகின்றான். புனத்திற்குப் பொறி, மனைக்குக் காவலர். பன்றி மீள்கின்றது, தலைவன் மீளவில்லை. உள்ளுறை இவ்வளவும் உரைகளிற் காணலாம். அவ்வுள்ளுறை நிற்பதற்குப் பன்றி முதலில் மெய்யாக நிற்றல் வேண்டும் அன்றோ? நுழைவாயில் ஒன்றில் தயங்கி நின்று பின்னடி வைத்து மீளும் பன்றியின் நடையை நேரிற் கண்டவரே அதனை இங்ஙனம் பாடவியலும். அரசர் ஒருவர் இதனைக் கண்டிருந்தார் என்பது நம் வரலாற்றாசிரியர் கருதத்தக்கது.

இதே பல்லி அகநானூறு 88இல் வேறு பயன் தருகின்றது. ஈழத்துப் பூதன்றேவனார் பாட்டில் பன்றி பல்லியின் ஒலியை ஓர்ந்து கேட்டு, அது நன்னிமித்தம் எனக் கொண்டு புனத்தை நெருங்குகின்றது. அதன் வரவை எதிர்நோக்கிக் கானவன் கழுதின்மேல் நெடிய சுடரை ஏற்றி வைத்துள்ளான். அவ்விளக்கினை வழிகாட்டியாகக் கொண்டு தலைவன் வந்து சேர்கின்றான். பன்றிக்கு ஏற்றிய விளக்கு காதலனுக்குப் பயன்பட்டது. இதனைப் புலவரின் சமத்காரம் என்று கடந்துபோதல் எளிது. இருண்ட மலையில் இராப்பொழுது எரியும் விளக்கு காவற்பரணில் உள்ளதொன்றே என்னும் நிலவுண்மையின்மேல் எழுந்த பாட்டு இது. இப்பாட்டிலும் குறுந்தொகைப் பாட்டிலும் தீ விலங்கின் பொருட்டே பேசப்படுகின்றது. காவலன் அதில் குளிர் காய்ந்தான் என்று இவ்விருவரும் சொல்லவில்லை. நெடுநல்வாடையில் கோவலர் கூதிர்க் குளிரால் நடுங்கிக் கைகளைத் தீயிற் காய்த்துகின்றனர். அது முல்லை நிலத்துச் செய்தி. குறிஞ்சிக் காவலனது குளிரை நாமே உய்த்துணர வேண்டியிருக்கின்றது.

சுடர் ஒன்றே போதாது. ‘அடார்’ என்னும் பொறியும் இருந்தது. சிறிய விசையின்மேல் பெருங்கல்லை நிறுத்தி வைப்பர்; விலங்கு தீண்டின் கல் வீழும். நற்றிணை 119இல் பெருங்குன்றூர்கிழார் இதனைப் பாடுகின்றார். தினையுண்ணும் பன்றிக்கெனப் புனவன் வைத்த அடாரில் ஒளிமிக்க புலி அகப்படுகின்றது. குறி ஒன்று, வீழ்ந்தது மற்றொன்று. தோழி கூற்றில் இதற்குள்ள உள்ளுறை ஒருபுறம் இருக்க, பொறி தேர்ந்து கொல்லாது என்னும் உண்மை பாட்டின் மேற்பரப்பிலேயே கிடக்கின்றது.

இவ்வுண்மையை மிகத் தெளிவாகக் காட்டுவது காதற்பாட்டன்று, ஆற்றுப்படை. மலைபடுகடாம் 583 அடியில் நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்துகின்றது. பெருங்கௌசிகனார் வழி கூறுங்கால், விளைந்த புனத்தைப் பன்றி அழித்தற்கு அஞ்சிப் புழைதோறும் கல் அடார் மாட்டப்பட்டுள்ளமையின் நள்ளிருளிற் செல்லாதீர், விடிந்தபின் செல்லுங்கள் என்று அறிவுறுத்துகின்றார். பின்னர், யானையை ஓட்டுதற்குப் புனவர் விடும் கவண்கல் கடுவேகத்தோடு வரும், மரத்தின் மறைவிற் சென்று உயிர் காத்துக்கொள்ளுங்கள் என்கின்றார். இவ்விடத்தை நாம் வியப்புச் சுவைக்காகவே பாடஞ் சொல்லுகின்றோம். உழவன் விலங்குக்கு வைத்தது வழிப்போக்கனைக் கொல்லும். அதனை அறிந்த ஊரவன் அயலானுக்கு முன்னரே சொல்லுதல் கடமை. அகப்பாட்டில் களவின் இடையூறாக நிற்பது இங்கே ஒரு நாட்டின் வாழ்க்கை முறையாக, நன்மை தீமை இரண்டும் தோன்ற, நேர்படக் கூறப்படுகின்றது. அகத்தை அகத்தைக் கொண்டே விளக்க வேண்டும் என்னும் கட்டுப்பாட்டினால் இவ்வொப்புமையை நாம் இழந்துவிடுகின்றோம்.

யானைக்கு வருவோம். மதுரை இளம்பாலாசிரியன் சேந்தங்கூத்தனார் பாடிய இரண்டு பாட்டுக்கள் அகநானூற்றில் உள்ளன. இவற்றை இணைத்துப் படிக்க வேண்டும். 102ஆம் பாட்டில் கானவன் கழுதின்மேல் கள்ளுண்டு மகிழ்ந்து கிடக்கின்றான். கொடிச்சி காற்றில் தன் கூந்தலை உலர்த்திக் கோதிக்கொண்டே குறிஞ்சிப்பண் பாடுகின்றாள். தினையுண்ண வந்த இளங்களிறு கதிரையும் கொள்ளாது, நின்ற இடத்தினின்றும் பெயராது, இசை கேட்டு உறங்கிவிடுகின்றது. 348ஆம் பாட்டில் கோடையில் உதிர்ந்த மாங்கனியோடு பலாச்சுளையும் தேனும் சேர்த்து மூங்கிலில் முதிர்வித்த கள்ளை, மலைத்தெய்வத்திற்குப் படைத்தபின் குறவர் பருகுகின்றனர், புனத்தை மறக்கின்றனர். யானைகள் தினையைக் கவர்ந்தன என்று கேட்டதும் இளையரும் முதியரும் ஒன்றுகூடி வில் தேர்ந்தெடுத்துக்கொண்டு திரிகின்றனர். ஒரே புலவர், ஒரே குற்றம், காவலன் கள்ளுண்டு அயர்தல். ஒருமுறை பாட்டுக் காத்தது. ஒருமுறை யாதும் காக்கவில்லை. முன்னையதனையே நாம் திரட்டு நூல்களில் எடுத்துக்காட்டி, இசையின் ஆற்றலுக்குச் சான்று என்று மகிழ்கின்றோம். பின்னையது இல்லையாயின் முன்னையது கனவாகவே போகும். விடியலில் வெறும் தாளைப் பார்த்து முதியவனும் வில் எடுக்கும் அவ்வீட்டை அறிந்தவர் பாடியதனால்தான் உறங்கும் களிற்றின் அருமை நமக்கு விளங்குகின்றது. இரண்டனுள் சிறந்தது எது என என்னைக் கேட்பின் 348 என்பேன்.

முன்னர்க் கூறிய குறுந்தொகை 357இல் கொள்ளிக்கு அஞ்சி ஓடிய யானை, பின்னர் வானத்தில் மீன் வீழும் ஒளியைக் கண்டும் வெருவுகின்றது. ஓட்டியவனது வெற்றியை இங்கே கபிலர் பாடவில்லை. ஓட்டப்பட்ட விலங்கின் நெஞ்சினுள் எஞ்சிய அச்சத்தைப் பாடினார். பகைவிலங்கின் உள்ளத்தில் நின்று பாடும் இத்திறம் பிற்காலத்தில் அருகியது.

அருகியமைக்கு இலக்கண மரபும் ஒரு காரணம். கோவை நூல்கள் எழுந்தபோது துறைகள் முறைப்பட வகுக்கப்பட்டன. திருக்கோவையார் 25 கிளவியில் 400 பாட்டாக அமைந்தது. தஞ்சைவாணன் கோவை அகப்பொருள் விளக்கத்திற்கு இலக்கியமாக நின்றது. இத்துறைகளில் கிளியும் தினை முற்றுதலும் வேங்கை மலர்தலும் நிலைத்தன; ஏனெனில் அவை பகற்குறியின் தொடக்கத்திற்கும் முடிவிற்கும் தேவையாயின. யானையும் புலியும் தலைவன் வரும் வழியின் ஏதமாகவே பெரும்பாலும் நின்றன. அடார் வைத்த புனவனுக்கும் கழுதின்மேல் விழித்திருந்த கானவனுக்கும் துறை இல்லை. துறை இல்லாத மாந்தர் மெல்ல மறைந்தனர். பிற்கால மரபைக் கண்ணாடியாகக் கொண்டு சங்கப் பாட்டை நோக்கும் பழக்கம் நம்மிடம் இருத்தலின், அவர்கள் அங்கும் இல்லை என்று நாம் எண்ணுகின்றோம்.

தாளவாடி போன்ற மலைப்பகுதிகளிலிருந்து முதுகலை வகுப்பிற்கு வரும் மாணவர்க்கு இப்பாட்டுக்களை விளக்க வேண்டுவதில்லை. பரண் என்னும் சொல் அவர்களுக்கு வழக்குச் சொல். அங்கே யானை இன்றும் பயிரில் இறங்குகின்றது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் யானை இடம்பெற்றிருத்தலின், அடாருக்கும் வில்லுக்கும் இன்று இடமில்லை. ஒளியும் ஒலியும் விழிப்பும் உண்டு. அம்மாணவருட் சிலர் கூறும் பொருளை நம் உரைகளோடு ஒப்பிட்டு ஆராய்தல் ஒரு நல்ல ஆய்வுப்பொருளாகும்.

பன்றியைப் பற்றி இன்னும் ஒரு பாட்டு எஞ்சியுள்ளது. புறநானூறு 168இல் கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனார் பிட்டங்கொற்றனைப் பாடுகின்றார். மிளகு வளரும் மலைச்சாரலில் பன்றி தன் கிளையோடு காந்தளின் கிழங்கு வெளிப்பட நிலத்தைக் கிளறுகின்றது. அப்புழுதியை உழுத நிலமாகவே கொண்டு, குறவர் நல்ல நாள் பார்த்து, தாம் உழாது தினை விதைக்கின்றனர். அத்தினை விளைந்ததும் புதிது உண்பர். மரையாவின் பாலை, மான்தசை புழுக்கிய பானையைக் கழுவாமலே அதில் உலையாக வார்த்துச் சந்தன விறகிட்டுச் சோறு சமைத்து, குளவி படர்ந்த முன்றிலில் அகன்ற வாழையிலையில் பலரோடும் பகிர்ந்துண்கின்றனர். நற்றிணையில் அடார் வைத்த புனவனும் இங்கே பன்றியின் புழுதியில் விதைத்த குறவனும் ஒரே குடியினர். இரண்டு தொகைகளையும் தனித்தனித் தாளாகப் பாடத்திட்டத்தில் வைத்திருக்கும் நாம், இவ்விருவரையும் ஒரே வகுப்பில் மாணவர் முன் நிறுத்துவதில்லை.