ஏரி இல்லாத லேக் வியூ ரோடு

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் ஏரி தெரியாது. வண்டிகள், மாடிகள், மொட்டை மாடித் தண்ணீர் டேங்குகள், அவ்வளவுதான். ஏரி ஒருகாலத்தில் மெய்யாகவே அங்கே இருந்தது. 1920களில் மாம்பலம் பக்கத்து நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை எழுப்பினார்கள்.

சென்னையின் சரித்திரப் புத்தகம் மலிவாக வேண்டுமென்றால் தி.நகரின் தெருப் பலகைகள் போதும். ஊரின் பெயரில் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் இருக்கிறார். நடுவிலிருக்கும் பூங்காவில் முதலமைச்சராக இருந்த பனகல் அரசர். உஸ்மான் ரோடு, 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்த முகமது உஸ்மானுடையது. அட்சய திருதியைக்கு நகைக்கடையில் முண்டியடிக்கும் கூட்டத்துக்கு இது தெரிந்து என்ன ஆகப்போகிறது! 1916இல் நீதிக்கட்சியைத் தொடங்கிய மூவரில் தியாகராயர் தவிர மற்ற இருவரையும் விட்டுவிடவில்லை: நடேசனாருக்கு ஒரு பூங்கா, டி.எம். நாயருக்கு ஒரு சாலை.

பாண்டி பஜாரைப் புதுச்சேரியோடு முடிச்சுப் போடுபவர்கள் இன்றும் உண்டு. அந்தப் ‘பாண்டி’ நீதிக்கட்சியின் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன்.

தெருப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கியபோது ஜி.என். செட்டி ரோடு பலகையில் ‘செட்டி’ போய், கோபதி நாராயணசாமி சாலை என்று முழுப்பெயர் வந்தது. ஆட்டோக்காரரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிஷம் யோசித்து, “ஜி.என். செட்டி ரோடா சார்? ஏறுங்க” என்பார்.