ஜிகினாவும் பீப்பாயும்

கோயில் குளத்தில் தெப்ப உற்சவம் பார்த்திருப்பீர்கள். படிக்கட்டு முழுவதும் ஜனங்கள். குளத்தின் நடுவே கோபுரமும் மண்டபமுமாக ஒரு மாளிகை மிதந்து வருகிறது. வண்ண விளக்கு, ஜிகினாத் தாள், பூச்சரம், மேலே நாகஸ்வரக்காரர்கள். மறுநாள் காலையில் அதே தெப்பத்தைக் கரையோரமாகப் போய்ப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். கோபுரம் என்பது மூங்கிலும் துணியும். மண்டபத் தூண் வாழைமரம். இவற்றுக்கெல்லாம் அடியில், ஒருவர் கண்ணிலும் படாமல், காலிப் பீப்பாய்கள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும்.

கோபுரம் துணியாக இருப்பதைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. சொல்லவும் கூடாது. ஆனால் பீப்பாய் அட்டையாக இருந்தால் சுவாமியும் நாகஸ்வரமும் சேர்ந்து குளத்துக்குள் போக வேண்டியதுதான்.

கதைக்கும் சினிமாவுக்கும் இதே நியாயம்தான் என்பது என் அபிப்பிராயம். சினிமாவில் கையாளும் சாமான்களை அந்தத் தொழில்காரர்கள் 'ப்ராப்பர்ட்டி' என்று சொல்வார்கள். பெயர்தான் சொத்து, பெரும்பாலும் அட்டையும் பிளாஸ்திரியும். கத்தி வெட்டாது, கிரீடம் கனக்காது. அது அவர்கள் தொழில் தர்மம். 1948-ல் ஜெமினி எஸ். எஸ். வாசன் எடுத்த 'சந்திரலேகா'வில் பிரம்மாண்டமான முரசுகளின்மேல் பெண்கள் நடனமாடுகிறார்களே, அந்த முரசுகள் நிஜமாகவே முழங்க வேண்டும் என்று யார் கேட்டார்கள்? ஆனாலும் ஒரு காரியத்தை அவை நிஜமாகவே செய்தாக வேண்டியிருந்தது. ஆடுகிறவர்களின் பாதத்தைத் தாங்க வேண்டியிருந்தது. எத்தனை பெரிய பாசாங்குக்குள்ளும் பாசாங்கு செய்ய முடியாத இடம் ஒன்று இருக்கிறது. அது எது என்று கண்டுபிடிப்பதுதான் விமரிசகனின் வேலை.

இந்த நோக்கோடு நம் புதுச்சேரிப் பையன் ஒருவனின் கதையைப் பார்க்கலாம். யான் மார்ட்டெல் என்ற கனடாக்காரர் 2001-ல் எழுதிய 'லைஃப் ஆஃப் பை' நாவல் மறு வருஷமே புக்கர் பரிசு வாங்கியது. தைவானைச் சேர்ந்த ஆங் லீ அதை 2012-ல் படமாக்கினார். புதுச்சேரியில் மிருகக்காட்சிசாலை வைத்திருக்கும் குடும்பம் மிருகங்களோடு கப்பலேறுகிறது. கப்பல் கவிழ்கிறது. மிஞ்சுகிறவர்கள் ஓர் உயிர்காப்புப் படகில் ஒரு பையன், ஒரு வங்கப் புலி. 227 நாள் நடுக்கடல். புலியைப் பற்றியும், கடவுளைப் பற்றியும் நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள். நான் பேச நினைப்பது அவன் கட்டிய தெப்பத்தைப் பற்றி.

படகில் புலி இருக்கிறது. அதனால் பையன் அங்கே இருக்க முடியாது. துடுப்புகளையும் உயிர்காப்பு அங்கிகளையும் கயிற்றால் பிணைத்து ஒரு தெப்பம் செய்து, அதைப் படகோடு கட்டி, அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறான். கதையின் பாரம் முழுவதும் இந்த ஒரு சாமான்மேல் இருக்கிறது. இது மிதக்காது என்று வாசகனுக்கு ஒரு கணம் தோன்றிவிட்டால் புலியும் போயிற்று, கடவுளும் போயிற்று.

எங்கள் முதலியார்பேட்டைத் தெருவில், எதிர்வீட்டுப் பையன் என்ஜினீயரிங் படிக்கிறவன். தொலைக்காட்சியில் படத்தைப் பார்த்துவிட்டு, அந்தத் தெப்பத்தைச் செய்தே தீருவதென்று கிளம்பினான். படத்தில் இருப்பதுபோல் தெரிய வேண்டும் என்பது அவன் ஆசை அல்ல. "பார்க்க அதே மாதிரி வேண்டாம், சார். ஆளைத் தாங்கணும். அவ்வளவுதான்" என்றான். ஒரு விமரிசகன் பக்கம் பக்கமாக எழுதிச் சொல்ல வேண்டியதை அவன் இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டான்!

உயிர்காப்பு அங்கி ஒரு டஜனுக்கு எங்கே போவது? வீடு வீடாக வரும் 20 லிட்டர் தண்ணீர்க் கேன் நான்கு எடுத்துக்கொண்டான். "கேனுக்கு டெபாசிட் யார் கட்டுவது?" என்று அவன் தாயார் கேட்டது நியாயமான கேள்விதான். மூடி இறுக்கிய காலிக் கேன் ஒன்று தன் சொந்த எடை போக ஏறக்குறைய 19 கிலோவைத் தாங்கும். நான்கும் சேர்ந்து 76. பையன் 55 கிலோ. மூங்கில் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். கணக்குப்படி மிதக்க வேண்டும். ஆனால் கேன்களில் முக்கால் பாகம் தண்ணீருக்குள் இருக்கும். இன்னொரு கணக்கும் உண்டு. அவன் ஓர் ஓரமாக நகர்ந்தால் அந்தப் பக்கத்து இரண்டு கேன்கள் 38 கிலோதான் தாங்கும். 55 கிலோ அங்கே போனால் குட்டிக்கரணம்தான்.

தேங்காய்த்திட்டுப் பக்கம் அலை இல்லாத கழிமுகத்தில் சோதனை. பையனுக்கு நீச்சல் தெரியும். போதாதென்று உயிர்காப்பு அங்கி ஒன்றை இரவல் வாங்கி மாட்டியிருந்தான். தெப்பத்திலிருந்து கரைக்கு ஒரு நீளக் கயிறு. அங்கே வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். தெப்பத்தின் ஒரு மூலையில் வலது காலை வைத்து அழுத்தினார். மூங்கில் நழுவியது.

"நைலான் கயித்துல இப்படிக் கட்டினா நிக்காது தம்பி. தண்ணியில வழுக்கிட்டுப் பூடும். தென்னங்கயிறு கொண்டா" என்றார்.

கொண்டுவந்தான். அவரே குந்தி உட்கார்ந்து கட்டிக் கொடுத்தார். அந்த விரல்களுக்குக் கட்டுமரம் கட்டிய பழக்கம் இருந்தது. இலேசான மரத் துண்டுகளைச் சேர்த்துக் கட்டுவதும், கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து உலரப் போடுவதும் நம் கரையோரத்தில் தலைமுறை தலைமுறையாக நடந்த காரியம். கண்ணாடியிழைப் படகுகள் வந்த பிறகு கட்டுமரம் அருகிவிட்டது. இங்கிலீஷ்காரன் அகராதியில் நம் வார்த்தை மட்டும் பத்திரமாக இருக்கிறது.

தெப்பம் மிதந்தது. பையன் நடுவில் சம்மணம் கூட்டி உட்கார்ந்தான். இடுப்பு வரை நனைந்தான். எழுந்து நிற்க முடியவில்லை. ஓரமாகக் கையை நீட்டினாலே தெப்பம் முறைத்தது. கால் மணி நேரத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. கரைக்கு வந்து அவன் சொன்னது, "227 நாள் இருக்கட்டும் சார், 227 நிமிஷம் உட்காரச் சொல்லுங்கள் பார்க்கலாம்!"

அன்று இரவு படத்தை மறுபடி போட்டுப் பார்த்தோம். முதல் தடவை கண்ணில் படாத சங்கதிகள் இப்போது பட்டன. பையனின் உடம்பு தெப்பத்தில் குறுகிக் கிடக்கும் விதம், படகோடு இணைக்கும் கயிற்றில் அவனுக்கிருக்கும் கவலை, எப்போதும் நனைந்தே இருக்கும் தோல் எல்லாம் சரியாக இருந்தன.

எப்படிச் சரியாக வந்தன? ஸ்டீவன் காலஹன் என்று ஓர் அமெரிக்கர். படகு வடிவமைப்பது அவர் தொழில். 1982 பிப்ரவரியில் அட்லாண்டிக் சமுத்திரத்தில் அவருடைய பாய்மரப் படகு முழுகியது. காற்றடைத்த ரப்பர் மிதவை ஒன்றில் தனியாக 76 நாள் மிதந்து, பிரெஞ்சுக்காரர்களின் குவாதலூப் தீவுகளருகே மீனவர்களால் காப்பாற்றப்பட்டார். அந்த மனிதரை ஆங் லீ ஆலோசகராகக் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். படத்தில் வரும் தூண்டில் இரை முதலான சாமான்கள் அவர் கையால் செய்தவை. தெப்பத்தின்மேல் இருப்பது என்றால் என்ன என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றதால்தான், தைவானில் கட்டிய சுமார் 64 லட்சம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி நமக்கு நடுக்கடலாகத் தெரிகிறது.

நாவலில் இன்னொரு சாமானும் வருகிறது: வெயிலைக் கொண்டே கடல்நீரை வடித்துக் குடிநீராக்கும் வாலை. காலஹனும் தம் மிதவையில் இப்படிப்பட்டதை நம்பித்தான் உயிர் வாழ்ந்தார். அதையும் எதிர்வீட்டு மொட்டைமாடியில் செய்து பார்த்தான் பையன். கறுப்புச் சாயம் பூசிய அகலப் பேசினில் உப்புத் தண்ணீர். நடுவில் ஒரு டம்ளர். மேலே கண்ணாடித் தாளை இழுத்துக் கட்டி, தாளின் நடுவில் ஒரு கூழாங்கல். நீர் ஆவியாகித் தாளில் படிந்து, கல் இருக்கும் பள்ளத்துக்கு வழிந்து, டம்ளரில் சொட்ட வேண்டும். நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் 3 லிட்டர் வரை எதிர்பார்க்கலாம். பேசின் அதில் ஐந்தில் ஒரு பங்குதான். முதல் நாள் அரை டம்ளர் கிடைத்தது. ஓரத்தைக் களிமண்ணால் அடைத்த பிறகு ஒரு டம்ளரும் கொஞ்சமும். ஒருவன் உயிரைப் பிடித்து வைத்திருக்க இது பற்றாது. மார்ட்டெல்லுக்கும் இது தெரிந்திருக்கிறது. அவர் பையனுக்கு ஒன்றல்ல, பல வாலைகளைக் கொடுக்கிறார்.

நாவலின் கடைசியில் விசாரணைக்கு இரண்டு ஜப்பானியர்கள் வருகிறார்கள். ஒராங்குட்டான் ஒன்று வாழைப்பழக் குலையின்மேல் மிதந்து வந்தது என்று பையன் சொல்ல, வாழைப்பழம் மிதக்காது என்று அவர்கள் மறுக்கிறார்கள். அறையிலிருக்கும் தொட்டியில் தண்ணீர் பிடித்துப் போட்டுப் பாருங்கள் என்கிறான். போட்டுப் பார்க்கிறார்கள், மிதக்கிறது! நீங்களும் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். புலி இருந்ததா இல்லையா என்ற பெரிய கேள்விக்கு ஆசிரியர் பதில் சொல்வதில்லை. பழம் மிதக்குமா என்ற சின்னக் கேள்விக்குப் பதிலைக் கையில் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். சின்னதில் நாணயமாக நடந்துகொள்கிற ஆசாமியைப் பெரியதில் நம்புவது மனித சுபாவம்.

இவ்வளவும் கடலைப் பற்றிய புகழ்ச்சி. ஊர் விஷயம் வேறு.

தொட்டியில் எடுத்த கடல் நிஜமாகவும், நிஜ ஊரில் எடுத்த ஊர் ஜிகினாவாகவும் இருப்பது இந்தப் படத்தின் விசித்திரம். தாவரவியல் பூங்காவிலும், வில்லியனூர்க் கோயிலிலும் கூட்டம் கூட்டித்தான் படம் பிடித்தார்கள். அழகு இருக்கிறது, விளக்குகள் மிதக்கின்றன, வெள்ளைச் சுவரும் காகிதப்பூக் கொடியும் மின்னுகின்றன. வீட்டிலே தகப்பனாரும் பிள்ளைகளும் இங்கிலீஷில் பேசிக்கொள்கிறார்கள். தமிழுக்குப் படத்தில் நிஜமான வேலை கிடைத்த ஒரே இடம் பம்பாய் ஜெயஸ்ரீ பாடிய தாலாட்டு. அது ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரையும் ஆயிற்று.

நாவலில் கப்பல் கவிழ்வது 1977 ஜூலையில். அந்த நாளில் எங்கள் முதலியார்பேட்டையில், கடலூர் சாலையில், ஆங்கிலோ-பிரெஞ்சு நூலாலை ஓடிக்கொண்டிருந்தது. 1898-ல் தொடங்கிய அந்த ஆலை 2020-ல்தான் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அதை நம்பி எரிந்தது. எட்டு மணி நேர வேலை முதலான உரிமைகளுக்காக இந்த ஊரில் 1936 ஜூலை 30 அன்று 12 தொழிலாளர்கள் பிரெஞ்சுப் போலீசாரின் குண்டுக்குப் பலியானார்கள். இதையெல்லாம் படத்தில் காட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பையன் இழந்துவிட்டு ஏங்குகிற ஊர் அது. அவன் துக்கம் அந்த ஊரின்மேல் நிற்கிறது. தெப்பத்துக்குக் காட்டிய அக்கறையில் காலே அரைக்கால் பங்கு ஊருக்கும் காட்டியிருந்தால், கடைசியில் அவன் அழும்போது நமக்கும் தொண்டை அடைத்திருக்கும்.

பீப்பாய் கட்டியவர்கள் கதையையும் சொல்லிவிட வேண்டும். படத்தில் வரும் புலியில் பெரும்பங்கு கம்ப்யூட்டரில் செய்தது. அதைச் செய்தது 'ரிதம் அண்ட் ஹ்யூஸ்' என்ற கம்பெனி. 2013 பிப்ரவரியில் படத்துக்கு நான்கு ஆஸ்கார். அதில் ஒன்று அந்தப் புலிக்காக. அதே மாதத்தில்தான் அந்தக் கம்பெனி திவால் மனுக் கொடுத்தது. மேளம் மேலே வாசித்துக்கொண்டிருக்க, அடியில் பீப்பாய் முழுகிப் போயிற்று.

நம் கதைகளுக்கும் படங்களுக்கும் வருவோம். கதாநாயகி வீணை வாசிக்கிறாள். விரல் ஒரு பக்கம், சுரம் ஒரு பக்கம். ஏழைக் குமாஸ்தா மாதக் கடைசியில் கடன் கேட்டு அலைகிறான்; அவன் சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு என்பது ஆசிரியருக்கே தெரியாது. தாயார் வியாதியில் சாகிறாள். என்ன வியாதி என்று கேட்டால் 'இருமல்' என்கிறார்கள். வீணையை நான் மன்னித்துவிடுவேன், அது துணிக்கோபுரம். குமாஸ்தாவின் கணக்கை மன்னிக்க மாட்டேன். அவன் உயிர் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த தொடர்கதையை நீங்கள் கையில் எடுக்கும்போது, தேங்காய்த்திட்டுப் பெரியவரைப் போல ஒரு மூலையில் காலை வைத்து அழுத்திப் பாருங்கள். நழுவினால் ஆசிரியருக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.