ரத்தத்தில் கோடு கிழிப்பவர்கள்

2013 ஜூலையில் புனே பாலேவாடியில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில், 200 மீட்டரில் வெண்கலம் வென்றபோது டூட்டி சந்துக்கு வயது 17. மறு ஆண்டே ஆண்ட்ரோஜன் (டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோன்) கூடுதல் என்று சொல்லி, கிளாஸ்கோ காமன்வெல்த் அணியிலிருந்து அவரை நீக்கினார்கள். பிறகு அவர் விதியை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2025 செப்டம்பரில், ஆண் பாலினத்தைத் தீர்மானிக்கும் எஸ்ஆர்ஒய் மரபணு உண்டா என்று பார்க்கும் சோதனை உலகத் தடகளத்தின் பெண்கள் பிரிவில் கட்டாயமான பிறகு, 'இதற்குப் பழைய டெஸ்டோஸ்டிரோன் அளவுகோலே தேவலை, அது அறிவியல், கண்ணியமானதும்கூட' என்ற பேச்சு காதில் விழுகிறது.

அளக்கும் முறையில் குறை காண்பதற்கில்லை. நிறை நிறமாலைக் கருவியில் வைத்துப் பார்த்தால் பெண்ணுடலின் சொற்ப டெஸ்டோஸ்டிரோனையும் துல்லியமாகச் சொல்லிவிடலாம். முகத்தில் முடி, தப்பிப்போகும் மாதவிலக்கு என்று வரும் பெண்ணுக்கு மருத்துவர் இந்த எண்ணைப் பார்ப்பது நியாயம். அங்கே எண் ஒரு சாட்சி.

மைதானத்தில் அதுவே நீதிபதி ஆகிவிட்டது. பெண்களிடம் டெஸ்டோஸ்டிரோன் பொதுவாக லிட்டருக்கு 2 நானோமோலுக்குள் இருக்கும். உலகத் தடகள அமைப்பின் 2011 விதி, பெண்கள் பிரிவுக்கு 10 நானோமோலில் கோடு கிழித்தது. கூடுதல் டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு சாதகம் தருகிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று டூட்டியின் வழக்கில் 2015இல் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் அந்த விதியை நிறுத்திவைத்தது. 2018இல் கோடு 5 ஆனது, 2023இல் 2.5 ஆனது. இடையில் மனித உடல் மாறவில்லை. 2018 விதிக்கு முட்டுக்கொடுத்த ஆய்வு, சம்மட்டி எறிதலிலும் கோலூன்றித் தாண்டுதலிலும் டெஸ்டோஸ்டிரோனுக்கும் திறனுக்கும் தொடர்பு கண்டது. விதி அந்த இரண்டையும் விட்டுவிட்டு, தொடர்பே காணாத 1500 மீட்டரைச் சேர்த்துக்கொண்டது. 100, 200 மீட்டர் விலக்கப்பட்டதால் டூட்டி தப்பினார். இதைக் கணக்கு என்பதா, பேரம் என்பதா?

இதைவிட எனக்கு உறுத்துவது வேறு. ரத்தத்தில் எவ்வளவு ஓடுகிறது என்பதும் உடல் அதில் எவ்வளவைப் பயன்படுத்துகிறது என்பதும் ஒன்றல்ல. ஆண்ட்ரோஜன் ஏற்பிகள் அறவே வேலை செய்யாத பெண்ணுக்கு அளவு எத்தனை ஏறினாலும் தசையில் பலன் இராது. விதி எழுதியவர்களுக்கும் இது தெரியும். அப்படிப்பட்டவர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். ஆனால் ஏற்பி பாதி வேலை செய்கிறதா, முக்கால்வாசியா என்று எந்த ரத்த அளவும் சொல்லாது. அப்போது என்ன செய்வது? குரலைக் கேள், மார்பைப் பார், உரோமம் எங்கெங்கே என்று மதிப்பெண் போடு, பிறப்புறுப்பை அள. 2011 விதியே இவற்றைப் பட்டியலிட்டது. கண்ணியமானது என்று சொல்லப்படும் எண், பெண்களை நிர்வாணமாக நிறுத்திய 1960களின் அதே கண்களை மருத்துவர் அங்கி மாட்டித் திரும்ப அழைத்துவந்தது. 2006இல் தோஹாவில் பாலினச் சோதனையால் 800 மீட்டர் வெள்ளியைப் பறிகொடுத்த புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனை இந்த எண் காப்பாற்றியிருக்கும் என்றும் சொல்ல முடியாது.

மரபணுச் சோதனைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதன் குறைகளைத் தனியே பேசலாம். ஆனால் டெஸ்டோஸ்டிரோன் அளவுகோலுக்காக ஏங்குகிறவர்கள், 2011 விதியை ஒருமுறை முழுதாக வாசித்துவிட்டு வந்து கண்ணியத்தைப் பற்றிப் பேசட்டும்.